காவலர் பிறவாத கோட்டை

கொக்குவிலில், ரயில் பாதையோரத்து வீட்டின் கேற்றைத் தயாளினி உள்ளிருந்து பூட்டினாள். வெளியே அவள் கணவனின் தமையன் கேதீஸ்வரன் மனைவியோடு நின்றார். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவன்று குழந்தையின் கழுத்தில் பூட்டவென்று, சண்டிலிப்பாயிலிருந்து பஞ்சாயுதப் பதக்கம் கொண்டு வந்திருந்தார். புதுவீட்டுக் குடிபூரலுக்கு நேரில் வந்து அழைக்காமல் ரெலிபோனில் சொன்னார்கள் என்று முறுக்கிக்கொண்டவர், தானாகவே இறங்கி வந்த முதல் நாள் அது. வந்ததிலிருந்து இருமிக்கொண்டே நின்றார்.

“திற, பிள்ளை. பெறாமகனைத் தூக்கத்தானே வந்தனான்?”

“ஒருத்தரும் தூக்கேலாது, அத்தான். டொக்டர் சொன்னவர்.”

டொக்டர் சொன்னதை அவள் கேற்றுக் கம்பிகளூடே பொறுமையாக விளக்கினாள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே சிசு நோயோடு போராடும் தன் காவலரைப் பழக்கி எடுக்கிறது. அதன் ஈரலில் பிறக்கும் இளம் உயிர்க்கலங்கள் சில, நெஞ்செலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பிக்குப் போகின்றன. அது கண்டிப்பான பள்ளிக்கூடம். சொந்த உடம்பின்மீதே பாயும் கலத்தை அங்கேயே அழித்துவிட்டு, அந்நியனை இனங்காண வல்லதை மட்டும் குருதிக்குள் அனுப்பும். அவள் மகனுக்கு அச்சுரப்பி பெயருக்குத்தான் இருந்தது. காவலர் மெல்லப் பெருகக்கூடும். அதுவரை ஒரு சளித் தடிமனே பிள்ளையைக் கொண்டுபோய்விடும்.

விளக்கியதுதான் பிழையாயிற்று.

“புகையிலைத் தோட்டக்காரன்ரை கை உனக்கு நாறுதோ?” என்றார் கேதீஸ்வரன்.

“வருத்தமெண்டால் பிள்ளை ஆசுப்பத்திரியிலை எல்லே கிடக்கும்?” என்றாள் அவர் மனைவி மீனாம்பிகை. “படிச்சவள். உவளுக்குச் சாட்டுக்குப் பஞ்சமே?”

கணவன் ஜெயதீபன் உள்ளேயிருந்து பூட்டின் மற்றத் திறப்போடு வந்து கேற்றடியில் நின்றான். “அண்ணை இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஒருக்காத் தூக்கட்டுமன்.”

இன்று தடுத்தால் நாளை வருவார்கள், இவன் திறந்துவிடுவான். உரிமையோடு வருகிறவர்களை விளக்கம் நிறுத்தாது. கோபம் நிறுத்தும். அந்தக் குடும்பத்தின் கோபத்தை அவள் நன்கு அறிவாள். அவன் கையிலிருந்த திறப்பைப் பறித்தாள்.

“ஓம், நாறுது. வேணுமெண்டுதான் குடிபூரலுக்கு ரெலிபோனிலை சொன்னனாங்கள். நீங்கள் வந்து சபையிலை நிண்டிருந்தால் எனக்கெல்லே வெக்கம்!”

அது பொய். அழைக்கப் போகவேண்டிய நாளில் ஜெயதீபன் காய்ச்சலில் கிடந்தான்.

கேதீஸ்வரனின் முகம் கறுத்தது. “இனி உன்ரை செத்தவீட்டுக்கும் இந்த வாசலிலை கால் வைக்கமாட்டன். தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.” கேற்றடியில் காறித் துப்பிவிட்டு வந்த வான் வண்டியில் ஏறினார்.

“உனக்கு விசரோ?” ஜெயதீபனின் குரல் உடைந்தது. “எனக்கிருந்தது ஒரே ஒரு அண்ணை.”

தன்னவர்மீது பாயும் கலத்தைத் தைமஸ் உயிரோடு விடுவதில்லை. அவன் பார்த்த பார்வையில் அவளுக்கு அது விளங்கிற்று. கொதிநீர் கொண்டுவந்து துப்பலின்மேல் ஊற்றினாள்.

உள்ளே குழந்தை அழுதது. ஜெயதீபன் திரும்பி நடந்தான்.

“நில்லுங்கோ,” என்றாள் அவள். “அவர் இருமேக்கை நீங்களும் கிட்டத்தானே நிண்டனீங்கள். குளிச்சுப்போட்டுப் போங்கோ.”