மகள் பேரில் எழுதிய காணி

அலம்பிலில் தென்னங்காணி வைத்திருந்த சவிரிமுத்துவுக்கு நெஞ்சுவலி கண்டது. தேறியதும், தாயில்லாத ஒரே மகள் மெற்றில்டாவைக் கூட்டிக்கொண்டு, பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போனார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது.

“உங்களுக்குப் பிறகு காணி பிள்ளைக்கெண்டு மரணசாதனம் எழுதினால், பிள்ளை கோட்டில வழக்குப் போட்டு அதை நிரூபிக்கவேணும். இந்தச் சண்டைக்குள்ள, கோடு இருக்கிற வவுனியாவுக்கு எப்பிடிப் போறது? இப்பவே நன்கொடையாய் எழுதுங்கோ. உயிரோட இருக்குமட்டும் காணியை நீங்களே ஆளலாம்,” என்றார் நொத்தாரிசு.

உறுதிப்பத்திரம் எழுதி முடிந்ததும், நன்கொடையை ஏற்றுக் கையெழுத்திட வேண்டிய மெற்றில்டா பேனாவைத் தொடவில்லை. “எனக்கு ஏனோ பயமாக் கிடக்கு, அப்பா.”

“நான் போனாப்பிறகு நீ அலையக்கூடாது. கையெழுத்தை வை, பிள்ளை.”

எங்கோ ஷெல் விழுந்து யன்னல் அதிர்ந்தது. அவள் கையெழுத்து வைத்தாள்.

அந்த மாதமே, சந்தைக்குப் போன மெற்றில்டா கிபிர் விமானக் குண்டுவீச்சில் செத்துப்போனாள்.

சவிரிமுத்து மறுபடி நொத்தாரிசிடம் வந்தார். “அந்த உறுதியைக் கிழிச்சுப் போடுங்கோ.”

“கிழிச்சாலும் காணி பிள்ளையின்ர பேரிலதான், அண்ணை. உங்கட பேருக்கு மாத்த, இனி நீங்கள்தான் வழக்குப் போடவேணும்.”

“எனக்கு ஏன் காணி? அவளின்ர பேரிலேயே கிடக்கட்டும்.”

அடுத்த முறை ஷெல்லடி நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது, சவிரிமுத்து மட்டும் அந்தக் காணியை விட்டு அசையவில்லை.