ஈசானிய மூலையில் தண்ணீர்

1

என் மாமா வீடு வாங்கக் கிளம்பினார். நானும் துணைக்குப் போனேன். வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை, படி எந்தப் பக்கம் ஏறுகிறது, எல்லாம் விசாரித்தார். மழைக்கு ஒழுகுமா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எந்த மடையன் பதில் சொல்வான்? அங்கேதான் எனக்கு இந்தக் கதைக்கான அமலி கிடைத்தாள்.

முதல் தொடக்கம்: ‘பெரியநாயக்கன்பாளையத்தின் மேல் கருமேகங்கள் கவிந்து…’

(வேண்டாம். ஒழுகும் வீட்டைச் சித்திரை வெயிலில்தான் காட்டுவார்கள்.)

2

அமலியும் கணவர் ஆரோக்கியதாஸும் வீட்டை விற்றுவிட்டு, மகள் ஷைலாவின் பிரசவத்துக்குள் அவள் பக்கத்தில் குடிபோக வேண்டும். வந்தவர்கள் எல்லாம் தெற்குப் பார்த்த வாசல் என்று திரும்பிப் போனார்கள். கடைசியில் வெங்கடபதியும் கோமளாவும் வந்தார்கள். வெங்கடபதி ராசிக்குத் தெற்கு ஆகுமாம்.

ஓர் அறை மட்டும் ஐப்பசியில் ஒழுகும். அமலிக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“ஏனுங்க, ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. மழைக்கு இந்த மூலை ஒழுகுமுங்க.”

ஆரோக்கியதாஸ் இருமினார். வெங்கடபதி செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார். முள் வடகிழக்கைக் காட்டியது. முகம் மலர்ந்தது.

“ஈசானியமுங்க! ஈசானியத்துல தண்ணி இருக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும். நாங்க தொட்டி கட்டலாம்னு இருந்தமுங்க.”

“தொட்டி இல்லீங்க. மேல இருந்து சொட்டுமுங்க.”

“மேல இருந்தா இன்னும் விசேசமுங்க!”

(இந்த இடத்தில் அவர் விலையைக் குறைத்துக் கேட்பதாகத்தான் திட்டம். இப்போது ஏற்றிக் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது.)

“சொல்லிப்போட்டயல்ல? அவ்வளவுதான். உடு அம்மணி” என்றார் ஆரோக்கியதாஸ், காதோரமாக.

3

கதை இங்கேயே முடிந்திருக்கும். கோமளா வாயைத் திறந்தாள்.

“அக்கா, எங்க பையன் சாய்சரணை இந்த ரூம்புலயே படுக்க வெச்சுக்கறமுங்க. வீசிங் இருக்குதுங்க அவனுக்கு. ஈசானியத்துல படுத்தா சரியாயிருமாமுங்க.”

முடிவு அ: அமலி பேசாமல் இருக்கிறாள். ஒரு முறை சொல்லியாயிற்றே. ஷைலாவிடம் போய்ச் சேர்கிறார்கள். ஐப்பசியில் அந்தப் பையன்—

(அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அமலி மறுபடி சொல்கிறாள். வெங்கடபதி கண் கலங்கி, “உங்க நேர்மைக்காகவே இந்த ஊட்டை—”

(இப்படி ஒருவர் கோவை ஜில்லாவிலேயே கிடையாது. இதையும் அடித்துவிட்டேன்.)

4

அந்த மூலையில் ஒரு மரபீரோ நிற்கிறது. அதன் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம்.

(முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை.)

ஆண்கள் கூடத்தில் அக்ரிமெண்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த அமலி பீரோவின் மேல் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது அசையவில்லை.

“எதுக்குங்க்கா இப்ப இது?” என்று கேட்டுக்கொண்டே கோமளா மறுபக்கம் பிடித்தாள்.

கிறீச்சிட்டது. கூடத்தில் ஆரோக்கியதாஸ் மறுபடி இருமினார். பீரோ ஒரு சாண் நகர்ந்தது. கோமளா உள்ளே எட்டிப் பார்த்தாள். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“அக்கா…”

அதற்கு மேல் கோமளா சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் வீடு பார்த்திருப்பீர்கள், இல்லை காட்டியிருப்பீர்கள். பீரோவை எந்தப் பக்கம் பிடித்தீர்களோ, அங்கே நின்றே அவள் என்ன சொன்னாள் என்று சொல்லுங்கள்.