ஆணியில் தொங்கிய கிண்ணம்

லாரிக்காரன் ஒரு கரண்டி பாலை எடுத்து அடுப்பில் காட்டினான். திரிந்தது. இன்னொரு கரண்டி. அதுவும் திரிந்தது. வள்ளூர் பால் நிலையத்துத் தொட்டியில் குளிர்ந்துகொண்டிருந்த நூற்றிருபது லிட்டரையும் வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். சாம்பல் தண்ணீரில் அந்த வெள்ளைக் கோடு வெகுதூரம் கலையாமல் போயிற்று. ஒன்பது வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தொட்டியும் வீட்டுக்கொரு கறவை மெஷினும் ஓர் அறக்கட்டளை கொடுத்தவை. பால் கெடுவது இது இரண்டாவது முறை. இன்னொரு முறை கெட்டால் எல்லாவற்றையும் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"ஏதோ ஒரு மாட்டுக்கு மடிநோய்," என்றாள் அறக்கட்டளையில் வேலை பார்க்கும் ஹெப்சிபா. "அந்த வீட்டுப் பாலை மட்டும் மூணு மாசம் நிறுத்தணும். மெஷினையும் திருப்பித் தரணும். தினமும் மெஷின் மாட்டுறதுக்கு முன்னாடி முதல் பீச்சைக் கருப்புக் கிண்ணத்துல பிடிச்சு, திரி இருக்கான்னு பார்த்தீங்களா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கோதண்டமும் ஆட்டினார்.

"நான் முந்தாநேத்து பாக்கல," என்றாள் காத்தூன் பீவி. அவளுக்கு இருந்தது ஒரே எருமை. "காய்ச்சல்ல பட்த்துகினு இருந்தேன். பக்கத்து வூட்டுப் பொண்ணுதான் மெஷின் மாட்டிச்சு."

பக்கத்து அனல்மின் நிலையத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஊரில் மூத்த கறவைக்காரர் என்பதால் எல்லோரும் கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"சந்தையில வாங்குன எருமை. இன்னா நோவோட வந்துதோ, யாரு கண்டா?" என்றார் அவர்.

"வா அண்ணாத்தே, இப்பவே பீச்சிக் காட்டறேன்."

"கறந்து முடிச்ச மடியில இன்னா கீது, காத்து தான் வரும்," என்றான் இன்னொரு வீட்டுக்காரனான தாமோதரன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

முடிவை மறுநாள் காலையில் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஹெப்சிபா பெயர்ப் பட்டியலை மடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கறவை நேரத்தில் கரண்ட் போயிற்று. வானத்தை முட்டும் புகைபோக்கிகளுக்குக் கீழே குடியிருந்தும் அந்தத் தெருவில் அது புதிதல்ல. கோதண்டம் செவலைப் பசுவின் பக்கத்தில் குந்தினார். பல மாதம் கழித்துக் கையால் கறக்கிறார். விரல்கள் மரத்துப்போகும் நோய் வந்த பிறகு மெஷின் இருந்ததால்தான் நான்கு மாடுகளை வைத்திருக்க முடிந்தது.

கை தன் பழக்கத்தில் முதல் பீச்சைத் தரையில் விட்டது. அது பூமிக்கு உரியது. மெஷின் வரும்வரை நாற்பது வருஷமும் அப்படித்தான். தரையில் விட்டால் ஈ மொய்க்கும் என்று ஹெப்சிபா தடுத்து, கருப்புக் கிண்ணம் கொடுத்தாள். பூமிக்கு உரியதைக் கிண்ணத்தில் பிடித்துச் சாக்கடையில் கொட்ட அவருக்கு மனம் ஒப்பவில்லை. தரைக்கும் விடாமல், கிண்ணத்திலும் பிடிக்காமல், நேராக மெஷினை மாட்டிவந்தார். கிண்ணம் அன்றிலிருந்து ஆணியில் தொங்கியது.

இப்போது, சாம்பல் படிந்த சிமெண்டுத் தரையில் பாலோடு தயிர்த் துணுக்குகள் கிடந்தன. மறுபடி பீச்சினார். திரி திரியாக வந்தது. பின்காம்பு அனலாய்ச் சுட்டது. ஒரு வாரமாக மெஷின் மாட்டும்போதெல்லாம் செவலை காலை உதறிற்று. அவர் காலைச் சேர்த்துக் கட்டினாரே தவிர, குனிந்து பார்க்கவில்லை.

மனைவி தாயம்மா பின்னால் வந்து நின்றாள். அவளும் தரையைப் பார்த்தாள்.

"இத்த வெளிய சொல்லாத. மருந்து போட்டா ஆறிடும்."

"காத்தூன் பேர அடிச்சிடுவாங்கோ."

"மெஷின் பூட்டா உன் கையி தாங்குமா? மூணு மாசத்துல மாட்ட வித்துட்டுக் குந்திகினு இருப்ப."

அவள் உள்ளே போன பிறகும் அவர் செவலையின் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

காலையில் காத்தூன் பீவி முதல் ஆளாகக் கிண்ணத்தோடு பால் நிலையத்துக்கு வந்திருந்தாள். பால் சுத்தமாக இருந்தது.

"எந்த மாட்டுப் பாலோ, இதுக்கு இன்னா சாட்சி?" என்றான் தாமோதரன்.

ஹெப்சிபா பேனாவின் மூடியைத் திறந்தாள். கோதண்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் கிண்ணத்தை மேஜையில் வைத்தார். கருப்பின் மேல் வெள்ளைத் துணுக்குகள் நன்றாகத் தெரிந்தன.

"என்னுதும்மா. நான் ஒரு நாளும் பாக்கல. பாத்தேன்னு தலையாட்டினது பொய்யி."

காத்தூன் பீவி கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தாள்.

"செவலையா?"

"ஆமா."

"பாவம், எத்தினி நாளா வலிச்சுதோ அதுக்கு." பிறகு அவரைப் பார்த்தாள். "நேத்து எல்லாரும் சும்மாத்தான் இருந்தாங்கோ அண்ணாத்தே. நீதான் மொதல்ல வாயத் தொறந்த."

அவள் தன் பாலை ஊற்ற வரிசைக்குப் போய்விட்டாள்.

மெஷினை அவரே சைக்கிளில் வைத்துக் கட்டி, மத்தியானம் கொண்டுவந்து ஒப்படைத்தார். சாயங்காலம் ஒவ்வொரு மாட்டுக்கும் முதல் பீச்சைக் கருப்புக் கிண்ணத்தில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கொட்டிலுக்கு வெளியே மண்ணில் ஊற்றினார். இரண்டாவது மாட்டைக் கறந்ததோடு விரல்கள் மரத்து நின்றுவிட்டன. கையைத் தொடையிடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறக்காத இரண்டும் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன.