ஆறாம் நம்பர் மலை

போர் நடந்துகொண்டிருந்த 2008 தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசகசாலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. லினக்ஸ் போட்டது. மெனுவில் நாற்பது அப்ளிகேஷன்கள் ஆங்கிலப் பெயர்களோடு குவிந்து கிடந்தன. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதைப் பிரித்துக் கட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த பிரிவு மலைதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்களைப் பிரித்து இன்ன நம்பர் மலைக்குப் போ என்று அனுப்புவார்கள். நானும் அப்படியே பிரித்தேன். கடிதம் எழுதுவது ஒன்றாம் மலை. விளையாட்டு மூன்றாம் மலை. அங்கே கொழுந்தும் இல்லை, வேலையும் இல்லை. இன்டர்நெட் ஆறாம் மலை, ஏனென்றால் போனுக்கு சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். கொழுந்து பறிக்கும் பெரியாயிகூட ஒரே வாரத்தில் பழகிவிட்டாள்.

“ஆறாம் மலையத் தொறங்க தம்பி. குவைத்துல எம்மக கருத்திருக்காளா, வெளுத்திருக்காளான்னு பாக்கணும்.”

அடுத்த மாதம், அதே ஆறாம் மலையில் போன் பேசிக்கொண்டிருந்த எங்கள் தோட்டத்துப் பையன் துஷாந்தை, புலிகளோடு பேசினான் என்று பொலிஸ் பிடித்தது. பதினெட்டு நாளாகியும் அவன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மெனுவை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்தொன்பதாம் நாள் காலை ஒரு சிங்கள சப் இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வாசகசாலைக்குள் வந்தார்கள். கான்ஸ்டபிளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் தெரியும், பேச வராது. திரையில் இருந்ததை அவன் உரக்க வாசித்தான். ஆறாம் மலை என்றதும் சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மொழிபெயர்க்கத் தோட்டத்துப் பெரிய கிளார்க் செல்வரத்தினத்தைக் கூட்டிவந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட அவர்தான் அதிகம் வியர்த்தார்.

“ஆறாம் மலையில இருந்து ஆரோட கதைக்கிறனீர் எண்டு கேக்கிறார். உண்மையைச் சொல்லும் தம்பி. எனக்கு இதில ஒண்டும் தெரியாது.”

அது இடமில்லை, பிரிவின் பெயர் என்றேன். திறக்கச் சொன்னார்கள். பழைய மெஷின். கிளிக் செய்ததும் அம்பு சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றிய நேரத்தில் துஷாந்தின் செருப்பு நினைவுக்கு வந்தது. ஒற்றைச் செருப்பு, தேயிலைச் செடிக்கடியில் கிடந்ததாம்.

வெற்றுப் பக்கம் திறந்தது. இன்டர்நெட் லைன் இன்னும் இணைக்கவில்லை என்றது. சப் இன்ஸ்பெக்டர் மற்ற மலைகளையும் திறந்து பார்த்தார். என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார். திரும்ப வருவோம் என்றார்.

ஜீப் இறங்குவதற்குள் எல்லாப் பெயர்களையும் பழையபடி ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.

மாலையில் பெரியாயி வந்தாள். ஆறாம் மலையைத் திறக்கச் சொன்னாள்.

“அப்படி ஒன்னும் இங்க இல்லைங்க.”

“நேத்து இருந்துச்சே.”

“இருந்ததே இல்ல. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்.”

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னை. மகள் படத்தை இரண்டு கிளிக்கில் காட்டியிருக்கலாம். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு மெஷினை அணைத்தேன்.