வெந்த தகடு

மூன்றாவது தடவையாகப் பறவையின் தங்கச் சிறகு எஃகிலிருந்து தூக்கிக்கொண்டது. ஃபவுஸ்தீனா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வேட்டைத் துப்பாக்கியின் எஃகுப் பக்கத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். எஃகில் பறவையைக் குடைந்து, ஓரங்களை உட்புறமாகச் சரித்து வெட்டி, மேலே தங்கத் தகட்டை வைத்துத் தட்டினால், தங்கம் ஓரத்துக்கு அடியில் பரவிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தங்கம் பரவ மறுத்தது.

முதலாளி ஒத்தொரீனோ பின்னால் வந்து நின்றார். "என்ன, கை நடுங்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு முதலாளி. தகடுதான் சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சனிக்கிழமை இத வாங்க பெல்ஜியக்காரர் வர்றார். அதுக்குள்ள பறவை உக்காரலேன்னா, திங்கக்கிழமை நீ மெருகுக் கூடத்துக்குப் போயிடு."

மெருகுக் கூடத்தில் பாதிச் சம்பளம், முழுத் தூசி. அங்கே போனவர்கள் யாரும் உளிக்குத் திரும்பியதில்லை. பத்தொன்பது வருடம் உட்கார்ந்த ஸ்டூலை ஃபவுஸ்தீனா மேசைக்கு இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

அவர் நகர்ந்ததும் பக்கத்து மேசை தெல்ஃபீனா குனிந்தாள். "அக்கா, தகடு வித்தவன் வேகாதத அனுப்பிட்டானோ?"

உருளையில் நசுக்கி அப்படியே வரும் தகட்டை வேகாதது என்பார்கள். நெருப்பில் காட்டி இளக்கியது வெந்தது. வேகாதது என்றால் நாமே வேகவைத்துக்கொள்ளலாம். ஃபவுஸ்தீனாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நகத்தளவு துண்டைக் கரிக்கட்டைமேல் வைத்துத் தீயை ஊதினாள்.

துண்டு சிவந்தது. ஆறியபோது, சட்டியில் அடிப்பிடித்த சோளக்களிபோலக் கறுத்துக் கிடந்தது.

"தங்கம் கறுக்குமா அக்கா?"

"தங்கம் எங்கடி கறுக்கும்? செம்புதான் கறுக்கும்."

கறுத்த துண்டை முதலாளியின் மேசையில் வைத்தாள். எங்கே மலிவாக வாங்கினார் என்று கேட்கவில்லை. அவர் விரல்நுனியால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பிரெஷியாவுக்குப் போய், தகடு உருட்டற ஜெர்வாசியோகிட்ட வாங்கிட்டு வா. அரைநாள் லீவுன்னு எழுதிக்கறேன்."

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஜெர்வாசியோவின் பட்டறை ஒரு முற்றத்துக்குப் பின்னால் இருந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் மாதிரிக் கேட்டார்.

"வெந்ததா, வேகாததா?"

"வெந்தது. ஒத்தொரீனோ முதலாளிக்கு. கலப்பே கூடாது."

"உங்க முதலாளிகூட அதையேதான் கேட்டார். விலையச் சொன்னேன், தொப்பிய எடுத்துக்கிட்டு ஓடிட்டார்."

அவர் நீட்டிய தகட்டின் மூலையை ஃபவுஸ்தீனா மடித்தாள். துணிபோல மடிந்து, மடித்தபடியே கிடந்தது. இருந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"ஒரு துண்டு நெருப்புல காட்டுங்க ஐயா."

"முப்பது வருஷமா உருட்டறேன். என்ன நம்பலையா?"

"உங்கள நம்பறேன். தகட்டத்தான் நம்ப மாட்டேன்."

கிழவர் சிரித்துக்கொண்டே தீயை ஊதினார். சிவந்த துண்டு ஆறி, பழைய மஞ்சளுக்கே திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. பஸ்ஸில் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பறவை உட்கார்ந்துவிட்டது. தெல்ஃபீனா சிறகோரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை.

"இனி சுட்டாலும் பறக்காதுக்கா!"

ஃபவுஸ்தீனா வாய்விட்டுச் சிரித்தாள். நாலு நாளாக அவள் சிரித்திருக்கவில்லை.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பாத்தியா, மனசு வெச்சா முடியுது."

"திங்கக்கிழமை முதலாளி?"

"இங்கதான். வேற எங்க போவே?"

அவள் கும்பிடாத குறையாகத் தலையாட்டினாள். பாரம் இறங்கினாற்போல இருந்தது.

"தகடு மிச்சம் இருக்கில்ல? அடியில பேரையும் போட்டுடு."

செதுக்கியவர் பெயர் துப்பாக்கியின் அடிப்பக்கத்தில் இருக்கும். வாங்குபவர்கள் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். ஃபவுஸ்தீனா விளக்கை இழுத்துக்கொண்டு, நல்ல தங்கத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, எப்போதும்போல ஒத்தொரீனோ என்று இத்தாலிய மொழியில் எட்டு எழுத்தையும் தட்டி இறக்கினாள். ஓர் எழுத்துகூடத் தூக்கவில்லை.