குடல் கறியும் ஒரு கேலி பாக்கியும்

மாட்டுக் குடலை வாளியில் தூக்கிக்கொண்டு, புருஷனை இழந்த ஒருத்தி இத்தா இருக்கிற வீட்டுக்குப் போகிற துணிச்சல் தாங்கா என்கிற எங்கள் கடற்கரை ஊரில் தாபுவைத் தவிர யாருக்கு வரும்? ஈரத்துணி போட்டு மூடியிருந்தும் வாடை அவளுக்கு முன்னால் தெருவில் நடந்து போனது. சைக்கிளில் எதிரே வந்தவர்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே சலாம் சொன்னார்கள். தாபு பதில் சொன்னாளே தவிர, வழக்கம்போல யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. அவள் இடுப்பு மடிப்பில் ஒரு பழைய வெள்ளைத் தொப்பி இருந்தது. மவுத்தாகிப்போன செம்போஜாவின் தொப்பி அது.

செம்போஜா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். அவன் குடும்பத்துக்கும் தாபுவின் குடும்பத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலி முறை. கேலி முறை என்றால் சும்மா சிரித்துப் பேசுகிற உறவு என்று நினைத்துவிடக் கூடாது. திட்டலாம், பட்டப்பெயர் வைக்கலாம், சாப்பிடுகிற தட்டைப் பிடுங்கலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவர் மேல்தான் குற்றம். அதோடு ஒரு பெரிய கடமையும் உண்டு. ஒருவர் இறந்தால் மற்றவர் வந்து, இறந்தவரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவரைப் போல நடந்து, அவரைப் போல இருமி, அவரைத் தூக்கிப் போகிற சந்தூக்கை வழிமறித்துத் துக்க வீட்டைச் சிரிக்க வைக்க வேண்டும். இறந்தவரின் பொருள் ஒன்றைக் கூலியாக வாங்கிக்கொண்டுதான் வழிவிட வேண்டும். சிரிப்பு வந்த பிறகுதான் அழுகை ஒழுங்காக வரும் என்பது எங்கள் பெரியவர்கள் கணக்கு.

செம்போஜா மவுத்தான அன்றைக்கு எல்லோரும் தாபுவைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரையே வாயால் அளக்கிறவள் இன்றைக்கு என்னவெல்லாம் செய்யப் போகிறாளோ என்று கிழவர்கள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். தாபு தொப்பியைத் தலையில் வைத்தாள். அதில் சைக்கிள் எண்ணெய் வாசனையும் அவன் வேர்வை வாசனையும் அப்படியே இருந்தன. வாயைத் திறந்தாள். வந்தது கேலி இல்லை, ஓலம். தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி அழுதாள். சந்தூக்கு யாரும் மறிக்காமல் அவளைத் தாண்டிப் போனது.

செம்போஜாவின் மனைவி ருக்கியா, கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் அறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் அழலாம். நீ அழலாமாடி?" என்று கேட்டாள். அதோடு சரி. பிள்ளைப் பருவத்திலிருந்து கூடவே வளர்ந்தவள், அதற்குப் பிறகு தாபுவைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாபு அவமானத்தில் தொப்பியைத் தலையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, தன்னுடையது என்று வைத்துக்கொள்ளவும் உரிமையில்லை.

நேற்று செம்போஜாவின் தங்கை சவுமு வந்து சொன்னதுதான் தாபுவைக் கிளப்பியது.

"மதினி ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டைத் தள்ளிடுது. நான் என்ன ஆக்கிப் போட்டாலும் மண்ணு மாதிரி இருக்காம். அண்ணன் போனதுல இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்படியே போனா இத்தா முடியறதுக்குள்ள இன்னொரு கபர் வெட்டணும்."

இப்போது கதவைத் திறந்த அதே சவுமு, வாளியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஏன் தாபு, கழுவாமலா கொண்டாந்தே?"

"கழுவுறதுக்கு உங்க வீட்ல ஆள் இருக்குல்ல," என்றாள் தாபு.

கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய், ருக்கியாவின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே முற்றத்தில் வைத்தாள். ஜன்னலில் திரை தொங்கியது. தாபு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, இடுப்புத் துணியை ஆண்கள் கைலி கட்டுவதுபோல மடித்துக் கட்டினாள்.

ஒருமுறை ருக்கியா தன் தங்கை கல்யாணத்துக்குப் பங்கானி போயிருந்தபோது, செம்போஜா தானே குடல் சமைத்தான். குடல் என்றால் அவனுக்கு உயிர். மனைவி வரும்வரை நாக்கு பொறுக்கவில்லை. அந்தக் கூத்தை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த ஒரே ஆள் தாபு. அவள் அதை நடித்துக் காட்டும்போதெல்லாம் ருக்கியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போதும்டி போதும்டி என்று கெஞ்சுவாள்.

"க்ஹும்," என்று தாபு தொண்டையைச் செருமினாள். செம்போஜா எதைப் பேசினாலும் முதலில் இந்தச் செருமல்தான் வரும். "ருக்கியா இல்லேன்னா இந்த வீட்ல அடுப்பு எரியாதோ? இந்த ஊர் டியூபுக்கெல்லாம் ஒட்டுப் போடுறவன் நான். குடல்னா என்ன? அதுவும் ஒரு டியூபுதானே. சவுமு, அந்தப் பம்பை எடு. காத்தடிச்சுப் பாப்போம், எங்கயாச்சும் ஓட்டை இருக்கான்னு."

சவுமு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடனே பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தாள். திரை அசையவில்லை.

தாபு ஒரு பிடிக் குடலை மட்டும் சின்னச் சட்டியில் அப்படியே போட்டாள். சுரண்டவில்லை, சுண்ணாம்புகூடக் காட்டவில்லை. தேங்காய்த் தலைப்பாலை எடுத்து எடுத்த எடுப்பில் ஊற்றினாள். அது கொதித்துத் திரிந்து, மாட்டுத் தொழுவமும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு நாற்றம் முற்றம் முழுக்க எழும்பியது. "க்ஹும். வாசனை எப்படித் தூக்குது பாரு," என்றாள்.

உள்ளே சத்தமே இல்லை. தாபு சட்டியைக் கரண்டியால் கிளறினாள். அடுப்புச் சூட்டில் தொப்பியிலிருந்து அந்த எண்ணெய் வாசனை மறுபடி கிளம்பியது.  இன்னொரு தடவை அழுதால் இந்த வீட்டு வாசலை ஜென்மத்துக்கும் மிதிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வாழைக்காயை எடுத்தாள், தோலைச் சீவினாள், சட்டிக்குள் போட்டாள். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். யார் சமைத்த குடலாக இருந்தாலும் முதல் வாய்க்கு செம்போஜா சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. வாடை போகவில்லை என்று அதற்கு அர்த்தம். சொல்லிவிட்டு மூன்று தட்டு சாப்பிடுவான்.

"மாடு இன்னும் மேஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"தோலைச் சீவிட்டியே," என்றது ஜன்னல்.

தாபு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவரு எங்கடி சீவினாரு? காம்போட, தோலோட முழுசாப் போட்டாரு. செய்யறதை ஒழுங்காச் செய்யத் தெரியாதா உனக்கு?"

தாபு கண்ணை இறுக மூடித் திறந்தாள். பிறகு கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பங்கானி இருக்கிற கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "க்ஹும். எந்தப் பொம்பளை அது, பங்கானியில இருந்து இங்க கேக்குற மாதிரி கத்துறது?"

உள்ளேயிருந்து முதலில் ஒரு இருமல் மாதிரி கேட்டது. பிறகு அது சிரிப்பாக மாறியது. சிரிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்து, எந்த இடத்தில் என்று சொல்ல முடியாதபடி அழுகையாகிவிட்டது. ருக்கியா வாய்விட்டு அழுதாள். புருஷன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். உள்ளே ஓடப்போன சவுமுவின் கையைத் தாபு பிடித்து நிறுத்தினாள். "விடு. அழட்டும்."

வெகுநேரம் கழித்து ருக்கியா வெள்ளைத் துணியில், முகம் வீங்கி, முற்றத்துக்கு வந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இதை நாய் திங்குமாடி?"

"செம்போஜா தின்னானே."

"தின்னுட்டு எழுந்திருக்க முடியாமப் படுத்துக் கிடந்தாரே, அதையும் சொல்லு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மிச்சம் இருக்கா?"

தாபு வாளியை அவள் பக்கம் தள்ளினாள். அதில் முக்கால்வாசிக்கு மேல் தொடாமல் இருந்தது.

அதற்கப்புறம் முற்றத்தில் ருக்கியாவின் ராஜ்யம்தான். குடலைக் கொதிநீரில் முக்கி, சுண்ணாம்பு தடவி, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் கறுப்பு முழுதும் போகச் சுரண்டினாள். துவாலை மாதிரி இருக்கிற பகுதி சலவைக்குப் போய்வந்த துவாலையாகவே வெளுத்தது. "இப்படி வெளுத்தா அதுல என்ன ருசி இருக்கும், துணியைத் தின்ன மாதிரி," என்று தாபு ஆரம்பித்தாள். "உன் வீட்ல சாணியோட திங்குறவ நீ பேசாதே," என்று பதில் வந்தது. இஞ்சியும் பூண்டும் எலுமிச்சையும் போட்டு வேகவிட்டு, வெந்த பிறகு தோல் சீவிய வாழைக்காயும் தக்காளியும் தண்ணிப் பாலும் சேர்த்து, கடைசியில் அடுப்பைத் தணித்துத் தலைப்பாலை ஊற்றினாள். சவுமு தேங்காய் துருவிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு தெளிவு வந்திருந்தது.

அஸர் தொழுதுவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள். ருக்கியா முதல் வாயை எடுத்து மெதுவாக மென்றாள். மற்ற இருவரும் சாப்பிடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாடு இன்னும் மேயுது," என்றாள் ருக்கியா. பிறகு, "அந்த ஏடு ஏடா இருக்குற துண்டு ரெண்டு எடுத்துப் போடு," என்று தட்டை நீட்டினாள். போட்டதைத் தின்றாள். மறுபடியும் நீட்டினாள்.

சாப்பாடு முடிகிற நேரத்தில், தாபு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மடித்து, ருக்கியாவின் முழங்கால் பக்கம் வைத்தாள். "அன்னைக்கே குடுத்திருக்கணும்."

ருக்கியா அதை இடது கையால் எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை தடவிவிட்டுத் தாபுவின் மடியில் போட்டாள். "நீயே வச்சுக்க. கேலிக்காரிக்குக் கூலி குடுக்காம அனுப்பினா அந்த மனுஷன் நாளைக்கு மறுமையில என்னைத்தான் கேப்பாரு."

 தாபு தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"இப்ப அழு. உன் வேலை முடிஞ்சுது, இனி நீயும் அழலாம்," என்றாள் ருக்கியா. சொல்லிவிட்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.