மிக்கேல் யாருக்கு என்ன முறை

தெமோதரைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில் போன ஜூன் மாதம் முதல் கொழுந்து பறிக்கும் மிக்கேலுக்கு முன்பக்கம் கிடையாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் மட்டுமே உண்டு. நீல இரும்புச் சட்டை, கையில் வாள், தலைக்கு மேல் காற்றில் நிற்கும் ஒரு மஞ்சள் எண். அவன் வந்ததற்குக் காரணம் லவுட்ஸ்பீக்கர் கட்டும் ஜூட். அந்தோனியார் திருநாளுக்குப் பாட்டு கேசட் போதவில்லையென்று, பதுளையில் வைரவநாதன் முதலாளியின் கடைப் பரணில் கிடந்த பழைய கேசட் பெட்டியை வாங்கி வந்தான். அதிலிருந்த ஒன்று பாட்டு அல்ல, விளையாட்டு. முதலாளி இளவயதில், டிவியோடு பூட்டும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்காக வாங்கியது. வீரன் ஒருவன் ஓடிக் குதித்து, பூதங்களை வெட்டி, தொட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டு. அப்போது விளையாட்டும் கேசட்டில்தான் வரும்; அதன் ஓசையைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் விளையாட்டைப் படித்துக்கொள்ளும். ஜூட்டுக்கு இது தெரியாது. கேசட் கீச்சிட்டபோது, பூஞ்சணம் பிடித்திருக்கும், ஓடினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டான். மலை முழுவதும் கேட்டது. ஓசை நின்றதும் தேயிலைக்கு நடுவே வீரன் நின்றான். திருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவனுக்கு உட்காரத் தெரியவில்லை.

மறுநாளே அவன் வேலையில் இறங்கிவிட்டான். ஓடும் வழியில் பட்ட கொழுந்தெல்லாம் மறையும். தராசருகே ஒரு குதி குதித்தால் அப்படியே கொட்டும். குளவி கொட்டி இரண்டு முறை செத்தான். இரண்டு முறையும் லவுட்ஸ்பீக்கர் கட்டிய சவுக்கு மரத்தடியில் கண்சிமிட்டி எழுந்து வந்தான். சம்பளமோ லீவோ கேட்காத ஆள் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு மகிழ்ச்சி. இவனால் முடிந்தால் எல்லோராலும் முடியும் என்று ஒருநாள் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினார். அதற்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். தோள்வலிக்காரியான சூசையம்மாவுக்குத் தினமும் அரைப்பேர் விழுந்தது. இப்படியே போனால் பண்டாரவளையில் உயர்தரம் படிக்கும் மகள் ஜெசிந்தினியை நிறுத்தி மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்ப வேண்டியதுதான்.

சூசையம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பூசைக்கு வந்த சாமியாரிடம் சொல்லி வீரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வைத்தாள். தானே ஞானத்தாயாக நின்றாள். வாளேந்திய தேவதூதரைப்போல வாள் வைத்திருப்பதால் மிக்கேல் என்று பெயரிட்டார்கள். தண்ணீர் பட்டதும் தலைக்கு மேலிருந்த எண் கூடியது. சாமியார் அதைக் கவனிக்காதவர்போல ஜெபத்தை முடித்தார்.

ஒருவர் பறித்த கொழுந்தைச் சொந்தக்காரரின் கூடையில் போடுவது அந்தத் தோட்டத்தின் பழைய வழக்கம். எந்தத் துரையும் அதைத் தடுத்ததில்லை. அடுத்த நாள் சூசையம்மா, "மிக்கேலு, அம்மா கூடையில போடுய்யா" என்றாள். அவன் வந்து குதித்தான். கூடை நிறைந்து வழிந்தது. தராசருகே துரையே வந்து நின்றார்.

"இவன் ஒனக்கு என்ன முறை?"

"ஞானப்பிள்ளைங்க தொரை. சாமியாரையே கேளுங்க."

பின்னால் நின்ற புஷ்பத்தின் கூடையும் மிக்கேல் குதித்ததில் நிறைந்திருந்தது. "நீ இந்துக் கோயில் கும்புடுற ஆள். ஒனக்கு என்ன முறை?"

"சூச எனக்கு அக்கா மாதிரிங்க. அக்கா மகன்னா எனக்கும் மகன்தானுங்களே?"

துரை அடுத்து நின்ற சுதர்சினியைப் பார்த்தார்.

"எனக்கு அத்த மகன் முறைங்க. கட்டிக்கிற முறை" என்றாள் அவள். தராசைச் சுற்றி நின்ற பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அடியே, மொதல்ல என்னையக் கேளுடி!" என்றாள் சூசையம்மா.

துரை வரிசையின் கடைசிவரை பார்த்தார். சித்தி, அத்தை, மதினி, கொழுந்தியாள் என்று எல்லோரும் முறையோடு நின்றார்கள். பேர் பதியும் கங்காணி எல்லோருக்கும் முழுப்பேர் போட்டார். அன்றிலிருந்து அப்படியேதான் போடுகிறார்.

திங்கட்கிழமை ஜெசிந்தினி பள்ளிக்கூடம் போகப் பண்டாரவளை பஸ்ஸில் ஏறினாள். மிக்கேல் பஸ்ஸோடு தோட்டத்து எல்லைவரை ஓடினான். அதற்கு மேல் அவனுக்கு வழியில்லாததால் திரும்பிக்கொண்டான். பஸ்ஸுக்குள்ளிருந்து யாரும் அவனை எட்டிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் உட்கார ஒரு இடம் பிடிப்பதே பெரும்பாடு.